ஏமாறாமல் எண்ணுவது எப்படி?

தாம்பரத்தில் ஏறித் தெற்கே போகிறவர்களுக்குக் காலை 10 மணியும் 11 மணியும் மறக்காது. 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் தட்கல் திறக்கும். நெல்லை, பொதிகை, முத்துநகர், பாண்டியன், கன்னியாகுமரி என்று எழும்பூரில் கிளம்பும் ரயில்கள் தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரத்துக்குத் தாம்பரத்திலிருந்தே ஒரு ரயில் கிளம்புகிறது. குரோம்பேட்டையிலிருந்து ஊரப்பாக்கம் வரை குடியேறியிருக்கும் தென்மாவட்டத்துக்காரர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு: பெயரையும் வயதையும் முன்கூட்டியே சேமித்து வைத்து, மணி ஆனதும் அழுத்தி, பணம் கட்டும் பக்கம் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும்.

இதன் மறுபக்கத்தைப் பற்றி ரயில்வே அமைச்சகம் 2025 ஜூனில் சில எண்களை வெளியிட்டது. மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை பாட்களுடையவை, அதாவது மனிதர் அழுத்தாமல் நிரல் அழுத்துகிறவை. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி ஐ.டி.கள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டுமே ஆன்லைன் தட்கல் என்ற விதி வந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குத் தடையும் வந்தது.

பாட் எழுதுகிறவர் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். நூறு ஐ.டி.களை அனுப்புகிறார். நாற்பது முடங்குகின்றன, அறுபது தப்புகின்றன. தப்பியவற்றில் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறார். மறுநாள் அந்த அறுபதைப் போலவே நூறை அனுப்புகிறார். அதாவது, கணக்கெடுக்கும் இயந்திரம் சொன்ன பதிலை வைத்தே அடுத்த கேள்வியைத் தயாரிக்கிறார். இப்படிப்பட்ட எதிராளியின் முன்னால் தவறாமல் எண்ண முடியுமா என்பது கணினி அறிவியலில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சூடாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. ரயில்வேயின் சர்வருக்குள் எந்த அல்காரிதம் ஓடுகிறது என்பது இந்தக் கட்டுரையின் விஷயமல்ல. தட்கல் வரிசையில் கண்ணுக்குத் தெரிகிற சிக்கலுக்குப் பின்னால் உள்ள கணிதம்தான் விஷயம்.

எண்ணுவதில் என்ன கஷ்டம், 2.5 கோடி ஐ.டி.களை ஒரு செல்போனிலேயே சேமித்துவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். ஐ.டி.கள் மட்டும் என்றால் சேமிக்கலாம். ஆனால் தாக்குதலைப் பிடிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் சர்வருக்கு வெகு முன்னால், தகவல் பொட்டலங்கள் பாய்ந்து வரும் வழியிலேயே இருக்கிறது. 100 ஜிகாபிட் வேகமுள்ள ஓர் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்களாக வந்தால் விநாடிக்குச் சுமார் 14.88 கோடி வரும். ஒன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 7 நானோவிநாடிகூட இல்லை. சாதாரண கணினி நினைவகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து வரவே அதைப்போல் பல மடங்கு நேரமாகும். வேகமான நினைவகம் மிகச் சிறியது. ஆகவே வந்ததை எல்லாம் எழுதி வைத்துப் பிறகு புரட்டிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒருமுறை பார்க்கலாம், அதற்குள் சின்னக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொள்ளலாம், பிறகு விட்டுவிட வேண்டும். இப்படிக் கடந்துபோகும் தரவைத்தான் தரவு ஓட்டம் என்கிறோம். அந்தச் சின்னக் குறிப்புக்குத் துறையில் ஸ்கெட்ச் என்று பெயர்.

அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. வந்தவர்களில் வெவ்வேறு ஆட்கள் எத்தனை பேர்? கோரிக்கைகள் பரவலாக வருகின்றனவா, சிலரிடமிருந்தே குவிகின்றனவா? இரண்டாவதை அளக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஒவ்வொரு ஐ.டி.யும் எத்தனை முறை வந்தது என்று எடுத்து, அந்த எண்ணை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டிவிட வேண்டும். ஒரு லட்சம் கோரிக்கைகள் ஒரு லட்சம் பேரிடமிருந்து வந்தால் விடை ஒரு லட்சம். அத்தனையும் ஒரே ஐ.டி.யிலிருந்து வந்தால் விடை ஆயிரம் கோடி. குவிதல் எங்கே இருந்தாலும் இந்த எண் எகிறிக் காட்டிக்கொடுத்துவிடும். இதை வர்க்கக்கூட்டு என்று அழைப்போம்.

ஒவ்வோர் ஐ.டி.க்கும் தனித்தனிக் கணக்கு வைக்காமல் வர்க்கக்கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? 1996இல் நோகா அலோன், யோசி மதியாஸ், மரியோ ஸெகெடி ஆகிய மூவரும் காட்டிய வழி, என் கண்ணில், இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. 2005இல் அதற்கு கோடல் பரிசு கிடைத்தது. ஒவ்வோர் ஐ.டி.க்கும் ரகசியமாகப் பூவா தலையா போடுங்கள். பூ விழுந்த ஐ.டி. வரும்போதெல்லாம் ஓர் எண்ணியில் 1 கூட்டுங்கள், தலை விழுந்தது வரும்போதெல்லாம் 1 கழியுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரே ஓர் எண்ணைத்தான். கடைசியில் அதை வர்க்கப்படுத்தினால் அதுவே மதிப்பீடு.

நம்ப முடியாமல் இருந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று ஐ.டி.கள் முறையே 5, 3, 1 முறை வந்தன என்று வையுங்கள். உண்மையான வர்க்கக்கூட்டு 25 + 9 + 1 = 35. பூ தலை எப்படி விழுந்தாலும் எண்ணியில் வரக்கூடியவை, குறியை விட்டுவிட்டால், நான்குதான்: 5+3+1 = 9, 5+3−1 = 7, 5−3+1 = 3, 5−3−1 = 1. இவற்றின் வர்க்கங்கள் 81, 49, 9, 1. கூட்டினால் 140, நான்கால் வகுத்தால் 35. சராசரி மிகச் சரியாக உண்மை விடையில் வந்து நிற்கிறது. வெவ்வேறு ஐ.டி.களின் குறுக்குப் பெருக்கங்கள் பாதி நேரம் கூட்டலாகவும் பாதி நேரம் கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துவிடுவதுதான் காரணம். ஒற்றை எண்ணி 81 என்றோ 1 என்றோ காட்டி ஏமாற்றலாம். ஆகவே தனித்தனிப் பூ தலையோடு சில நூறு எண்ணிகளை ஓடவிட்டு அவற்றின் சராசரியை எடுத்தால் பிழை பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஐ.டி.கள் கோடிக்கணக்கில் இருந்தாலும் எண்ணிகள் சில நூறு போதும்.

இந்த நிரூபணத்தில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எந்த ஐ.டி. எப்போது எத்தனை முறை வரும் என்பது முன்பே முடிவாகிவிட்டது, பூ தலை அதற்குத் தொடர்பில்லாமல் தனியாக விழுகிறது என்று அது வைத்துக்கொள்கிறது. வருகிறவர்கள் மதிப்பீட்டைப் பார்க்காதவரை இதில் பழுதில்லை. பார்த்துவிட்டால்?

ஒற்றை எண்ணியிலேயே தாக்குதலை நடத்திப் பார்ப்போம். எதிராளி முதலில் 'அ' என்ற ஐ.டி.யிலிருந்து 20 கோரிக்கைகள் அனுப்புகிறார். எண்ணி +20 அல்லது −20, இயந்திரம் காட்டுவது 400. இதுவரை சரி. அடுத்து 'ஆ' என்ற புதிய ஐ.டி.யிலிருந்து ஒன்றே ஒன்று. மதிப்பீடு 441 ஆகிறது. ஏறியிருக்கிறது, ஆகவே 'அ'வுக்கு விழுந்ததுதான் 'ஆ'வுக்கும் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து 'இ'யிலிருந்து ஒன்று. மதிப்பீடு 400க்கு இறங்குகிறது. ஆக 'இ'க்கு விழுந்தது எதிர்ப்பக்கம். இனி வேலை சுலபம். 'இ'யிலிருந்து இன்னும் 20 அனுப்பினால் எண்ணி சுழியாகிவிடும். இயந்திரம் 0 என்று காட்டும்போது உண்மையான வர்க்கக்கூட்டு 400 + 1 + 441 = 842. அதன்பின் 'அ'வும் 'இ'யும் மாறி மாறி ஆயிரம் ஆயிரம் கோரிக்கைகள் அனுப்பட்டும். உண்மை விடை 20,82,842. இயந்திரம் அப்போதும் 0 என்றே சொல்லும். இரண்டே ஐ.டி.கள் வாசலை அடைத்து நிற்கின்றன, காவலுக்கு வைத்த கணக்கோ யாருமே இல்லை என்கிறது.

சில நூறு எண்ணிகளின் சராசரி என்றாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. புதிய ஐ.டி.யை ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது, மதிப்பீட்டை இறக்குகிற ஐ.டி.களை மறுபடி அனுப்புவது என்று போனால் போதும். எத்தனை எண்ணிகள் இருக்கின்றனவோ அதைப்போல் ஒரு குறிப்பிட்ட மடங்கு கோரிக்கைகளுக்குள் மதிப்பீட்டைச் சாய்த்துவிடலாம் என்று ஓம்ரி பென்-எலியேசர், ராஜேஷ் ஜெயராம், டேவிட் வுட்ரஃப், எய்லான் யோகெவ் ஆகிய நால்வரும் 2020இல் நிரூபித்தார்கள். எதிராளி எதையும் திருடவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. கேட்டார், பதில் வந்தது, அவ்வளவே.

இயந்திரம் மதிப்பீட்டை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றும். முழுதாகச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓர் ஐ.டி.யைத் தடுத்தாலே அது ஒரு பதில். தடுக்காமல் விட்டாலும் பதில்தான். கேப்ட்சா கேட்பது, பக்கத்தைத் தாமதமாகத் திறப்பது, கணக்கை முடக்குவது எல்லாமே உள்ளே இருக்கும் எண்ணைப் பற்றி ஒரு துளியாவது வெளியே கசியவிடுகின்றன. கணக்கை எந்த முடிவுக்கும் பயன்படுத்தாமல் இருந்தால்தான் கசியாது. அப்படியானால் எண்ணியே பயனில்லை.

எதிராளி என்று சொல்வதால் எப்போதும் ஒரு கெட்டவர் இருக்க வேண்டும் என்பதில்லை. பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் இரவில், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை செல்போன் வரைபடத்தில் சிவப்பாகத் தெரிந்தால், பலர் வண்டலூரிலேயே வெளிவட்டச் சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். யாருக்கும் யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. ஆனால் அடுத்த நிமிடம் அளக்கப்படும் வண்டிகளின் ஓட்டம், முந்தைய நிமிடம் காட்டிய நிறத்தால் மாறிவிட்டது. பூ தலைக்கும் வரவுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானம் இங்கேயும் உடைகிறது. எந்தக் கணக்கின் விடையை மக்கள் பார்த்து நடக்கிறார்களோ, அந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியைப் புள்ளியியல் வகுப்பில் மாதிரி எடுப்பதற்குச் சொல்வார்கள். கிளறிய பானைக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் எந்தப் பருக்கையை எடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து ஒருவர் பானைக்குள் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சோறு பானையைப் பற்றி எதுவும் சொல்லாது. 2020இலேயே பென்-எலியேசரும் யோகெவும் தனியாக எழுதிய கட்டுரை இதைத் துல்லியமாக்கியது. வரும் எண்களிலிருந்து சிலவற்றைத் தற்செயலாக எடுத்து நடு எண்ணை மதிப்பிடுகிறோம் என்று வையுங்கள். எதிராளி தான் அனுப்பிய எண் எடுக்கப்பட்டால் அடுத்து அதைவிடப் பெரியதை அனுப்புகிறார். எடுக்கப்படாவிட்டால் அதைவிடச் சிறியதை, ஆனால் இதுவரை எடுக்கப்பட்டவற்றை எல்லாம்விடப் பெரியதை அனுப்புகிறார். கடைசியில் நம் கையிலுள்ள மாதிரி முழுக்க வந்தவற்றிலேயே மிகச் சிறிய எண்களாக இருக்கும். இதற்கு மருந்தும் அவர்களே சொன்னார்கள்: வரக்கூடிய வெவ்வேறு மதிப்புகள் எத்தனையோ, அதன் மடக்கைக்கு ஏற்ப மாதிரியின் அளவைக் கூட்டினால் போதும். இரண்டு எண்களுக்கு நடுவில் இன்னொன்றைச் செருக எதிராளிக்கு இடம் வேண்டும். மதிப்புகளைக் கொஞ்சம் தடிப்பாக அளந்தால் அந்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சரி, வர்க்கக்கூட்டுக்கு என்ன வழி? பூ தலையே வேண்டாம் என்று வைத்துவிட்டால் எதிராளிக்குக் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது. சில கேள்விகளுக்கு இது நடக்கும். அடிக்கடி வரும் ஐ.டி.கள் எவை என்று கண்டுபிடிக்க 1982இல் ஜயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் ஒரு வழி சொன்னார்கள். ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் மிஸ்ரா. 9 பெட்டிகளை வையுங்கள். வருகிற ஐ.டி.க்குப் பெட்டி இருந்தால் அதன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இல்லாமல், காலிப் பெட்டி இருந்தால் அதைக் கொடுங்கள். எல்லாம் நிறைந்திருந்தால் ஒன்பதிலும் ஒன்றைக் குறைத்துவிட்டு வந்ததை விட்டுவிடுங்கள், சுழியான பெட்டி காலி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்த எந்த ஐ.டி.யும் கடைசியில் இந்த ஒன்பதுக்குள் இருந்தே தீரும். இதில் ரகசியம் எதுவும் இல்லை, எதிராளி முழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாலும் உத்தரவாதம் உத்தரவாதம்தான். இந்த எளிமைக்காகவே, பொருந்துகிற இடத்தில் எல்லாம் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பேன். ஆனால் வர்க்கக்கூட்டுக்கும் வெவ்வேறு ஆட்களின் எண்ணிக்கைக்கும் இப்படி ஒரு வழி கிடைக்காது. பூ தலை இல்லாமல் அவற்றை மதிப்பிடக் கிட்டத்தட்ட எல்லா ஐ.டி.களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று 1996இன் அதே கட்டுரை நிரூபித்துவிட்டது.

வெவ்வேறு ஆட்களை எண்ணுவதற்கு ரகசியச் சாவி உதவுகிறது. இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது பிலிப் ஃப்ளாஜோலே குழுவினர் 2007இல் வெளியிட்ட ஹைப்பர்லாக்லாக். ஐ.டி.யை ஹேஷ் என்ற குழப்பும் சார்புக்குள் போட்டு, வெளிவரும் 0, 1 வரிசையின் தொடக்கத்தில் எத்தனை சுழிகள் தொடர்ந்து நிற்கின்றன என்று பார்ப்பது அதன் கரு. பத்துச் சுழிகள் வரிசையாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்பதால், பத்தைப் பார்த்தால் சுமார் ஆயிரம் பேர் வந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இப்படிப் பல குழுக்களாகப் பிரித்துச் செய்தால் ஒன்றரை கிலோபைட் நினைவகத்தில் நூறு கோடிக்கு மேலும் 2 சதவீதப் பிழையோடு எண்ண முடியும். ஹேஷ் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் இது சுலபமாகக் கவிழும். தொடக்கத்தில் சுழியே வராத ஐ.டி.களாகத் தேர்ந்து லட்சம் அனுப்பினாலும் மதிப்பீடு மிகச் சின்ன எண்ணாகவே நிற்கும். இது காகிதத்தில் மட்டும் உள்ள பயமில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அலெக்ஸாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே இருவரும், ஹேஷ் செய்தால் ஒரே இடத்தில் போய் விழும்படி தேர்ந்தெடுத்த சொற்களை அனுப்பி வெப் சர்வர்களை முடக்கிக் காட்டினார்கள். பி.எச்.பி., ஜாவா, பைத்தான், ரூபி என்று பெரிய மொழிகள் பலவும் அதற்கு இலக்காயின. மறு ஆண்டே ரகசியச் சாவியோடு இயங்கும் சிப்ஹேஷ் என்ற ஹேஷ் வந்தது.

சாவி ரகசியமாக இருந்தால் எந்த ஐ.டி. எப்படிக் குழம்பும் என்று வெளியாருக்குத் தெரியாது. வந்த ஐ.டி. மறுபடி வந்தால் ஹைப்பர்லாக்லாக்கில் எதுவும் மாறாது, புது ஐ.டி. வந்தால் அது எதிராளிக்குப் பூ தலை போலத்தான். ஆகவே நல்ல சாவியோடு வெவ்வேறு ஆட்களை எண்ணும்போது பதிலைப் பார்ப்பதால் எதிராளிக்கு லாபமில்லை. நடைமுறையில் ஒரு பொறி இருக்கிறது, கவனிக்காமல் விடுவது சுலபம். எண்ணியைத் தினமும் சுழியாக்கிவிட்டுச் சாவியை மட்டும் பழையபடியே விட்டால், எந்த ஐ.டி.கள் நேற்று மதிப்பீட்டை அசைக்கவில்லை என்று குறித்து வைத்தவர் இன்று அவற்றோடு வருவார். எண்ணியைச் சுழியாக்கும் ஒவ்வொரு முறையும் சாவியையும் மாற்ற வேண்டும்.

வர்க்கக்கூட்டுக்குச் சாவி போதாது. அங்கே வந்த ஐ.டி.யே மறுபடி வருவதில்தான் தாக்குதலின் உயிர் இருக்கிறது. 2020இன் நால்வர் கட்டுரை இதற்குத் தந்த யோசனை, பதிலைக் குறைவாகச் சொல்வது. மதிப்பீடு பத்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் மட்டும் புது எண்ணைச் சொல்லுங்கள், அதுவரை பழைய எண்ணையே காட்டுங்கள். கோரிக்கைகள் வந்துகொண்டு மட்டுமே இருக்கும் ஓட்டத்தில் விடை ஏறுமே தவிர இறங்காது. 1இலிருந்து ஒரு கோடி வரை பத்துப் பத்து சதவீதமாக ஏற எத்தனை படிகள் வேண்டும்? சுமார் 170 மட்டுமே. ஆகவே தொடக்கத்திலிருந்தே 170 ஸ்கெட்ச்களைத் தனித்தனிப் பூ தலையோடு ஓடவிடலாம். முதல் ஸ்கெட்ச் ஒரு புது எண்ணைச் சொன்னதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதற்கு மாறுங்கள். முதலாவதன் பூ தலையை எதிராளி ஊகித்திருந்தாலும் அது இனி எதற்கும் ஆகாது. இரண்டாவதோ இதுவரை வாயே திறக்கவில்லை. அதன் பூ தலைக்கும் இதுவரை வந்த ஓட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது, ஆகவே பழைய நிரூபணம் அதற்கு அப்படியே செல்லும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, அது பிரச்சினையைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டது என்பதுதான். ஸ்கெட்சின் ரகசியம் கோரிக்கைகளால் தீர்வதில்லை, கோடி வந்தாலும் தீராது. தான் சொல்லும் பதில்களால்தான் தீர்கிறது. ஆக, எத்தனை பதில் சொல்லப் போகிறோம் என்று முதலிலேயே கணக்குப் போட்டு அதற்குத் தக்கபடி ரகசியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பொதுமக்களுக்கான ஒரு சேவையை வடிவமைக்கிறவர்கள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று சோதிப்பது வழக்கம். எத்தனை முறை பதில் சொன்னபின் இது ஏமாறத் தொடங்கும் என்றும் சோதிக்க வேண்டும்.

170 அதிகம்தான். அதே ஆண்டு அவினதன் ஹசிடிம், ஹைம் கப்லான், யிஷாய் மன்சூர், யோசி மதியாஸ், உரி ஸ்டெமர் ஐவரும் அதைக் குறைத்தார்கள். 1996இல் அந்த ஸ்கெட்சை உருவாக்கிய மூவரில் ஒருவர்தான் இந்த மதியாஸ். தனிமனிதர்களின் விவரம் வெளியாகாமல் புள்ளிவிவரம் வெளியிடுவதற்கென்று 2006இல் சிந்தியா ட்வொர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய கணிதத்தை இவர்கள் திருப்பிப் பிடித்தார்கள். எல்லா ஸ்கெட்ச்களையும் கேட்டு, அவற்றின் நடு விடையில் கொஞ்சம் தற்செயல் சேர்த்துச் சொன்னால், எந்த ஒரு ஸ்கெட்சின் பூ தலையும் பதிலிலிருந்து வெளியே தெரியாது. வழக்கமாக மக்களின் ரகசியத்தைக் காக்கும் முறை இங்கே அல்காரிதத்தின் ரகசியத்தைக் காக்கிறது. பல பதில்கள் சேரும்போது கசிவு அவற்றின் வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் கூடும் என்பது அந்தக் கணிதத்தின் பழைய முடிவு. ஆகவே 170க்குப் பதில், மாறிலிகளையும் மடக்கைகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 13 ஸ்கெட்ச்களின் அளவுக்கு வந்துவிடுகிறது.

வந்தது போகவும் செய்தால் இந்த ஏற்பாடு ஆட்டம் காணும். டிக்கெட் பதிவாகிறது, ரத்தாகிறது, மறுபடி பதிவாகிறது. விடை ஏறி இறங்கி ஏறும். எதிராளி விரும்பினால் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் பத்து சதவீதம் தாண்டவைக்கலாம், 170 என்ற கணக்கு ஓட்டத்தின் நீளத்துக்கே போய்விடும். கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்யும் ஸ்கெட்ச் எதுவானாலும், பதில்களைப் பார்த்துக் கேள்வி தயாரிப்பவர் அதை உடைத்துவிடலாம் என்று மோரிட்ஸ் ஹார்ட்டும் வுட்ரஃபும் 2013இலேயே காட்டியிருந்தார்கள். ரத்துகளோடு ஒரு கோடி நிகழ்வுகள் வந்தால், ஐவர் வழியில் ஏறத்தாழ 3,160 ஸ்கெட்ச்கள் வேண்டும். பென்-எலியேசர், தாலியா ஈடன், கிரிஸ்டோஃப் ஓனாக் மூவரும் 2022இல் கண்ட வழி அதைச் சுமார் 630க்குக் கொண்டுவந்தது. இவையும் மாறிலிகளை ஒதுக்கிய எண்கள்தான், இருந்தாலும் வித்தியாசம் புரியும்.

ஆனால் ரத்துகள் வரவில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டாது என்ற உறுதி இருந்தால் ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கை மறுபடி மடக்கை அளவுக்குச் சுருங்கிவிடும். அதையும் நால்வர் கட்டுரை நிரூபித்திருக்கிறது. தட்கலில் அந்த உறுதியை ஏற்கெனவே ஒரு விதி தருகிறது: உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பி வராது. விடையை ஏற்றி இறக்கிப் பார்க்க விரும்பும் பாட் ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு டிக்கெட்டின் முழு விலையைக் கொடுத்தாக வேண்டும். உள்ளே நுழைந்து வெளியேறுவதற்கும், பெயர் விவரங்களை நிரப்பிவிட்டுப் பணம் கட்டாமல் விடுவதற்கும் அப்படி எந்த விலையும் இல்லை. ஆகவே காவல் எண்ணி எண்ண வேண்டியது அந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அல்ல, வாசலைத் தட்டிய ஒவ்வொரு முயற்சியையும். முயற்சியை யாராலும் ரத்து செய்ய முடியாது, அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டு மட்டுமே போகும்.